பாலக்காடு, இடுக்கி எல்லைப் புனைவுகளில் உழைக்கும் விலங்குகள்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் மலையோரத்தில் வண்டிமாடும் குதிரையும் மரமிழுக்கும் யானையும் மனிதரோடு சேர்ந்து உழைத்தவை. அந்த உழைப்புக்கு மனிதர் பட்ட கடன் என்ன என்பது இப்பகுதியைச் சார்ந்த மலையாள, தமிழ்ப் புனைவுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி.

பின்னணி

மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டபோது, அதில் சரக்கை இழுத்தவை மாடுகள். 1908இல் அது இருப்புப்பாதையாகி நீராவி எஞ்சின் வந்தது. 1924 வெள்ளம் பாதையையே அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலையை அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு மாட்டுவண்டிகள் கொண்டு சேர்த்தன. வடக்கே, பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் காடுகளில் வெட்டிய தேக்கை யானைகள் இழுத்துக் கொடுக்க, 1907 முதல் டிராம்வே அதைச் சாலக்குடிக்கு ஏற்றிச் சென்றது. அருகிலுள்ள ஆனைமலையில் மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். லாரியும் சாலையும் வந்தபின் இந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

முன்னோடி

வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனனின் 'சஹ்யன்றெ மகன்' புனைகதையல்ல, கவிதை. திருவிழாக் கூட்டத்தின் நடுவே மதம்பிடித்து, பிறந்த காட்டைக் கனவு காணும் கோயில் யானையின் மனத்துக்குள் அது புகுந்து பார்த்தது. பின்வந்த மலையாள எழுத்துக்கு அது வழி திறந்தது.

கசாக்கின் குதிரை

ஓ. வி. விஜயனின் 'கசாக்கின்றெ இதிகாசம்' 1969இல் நூலாக வந்தது. பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் கிராமமே அதில் வரும் கசாக் ஊரின் முன்மாதிரி. நாவலின் ஐதிகப்படி ஆயிரம் வெள்ளைக் குதிரைகளுடன் வந்த படையில், ஸையது மியான் ஷேக் ஏறி வந்தது மட்டும் நோயுற்ற கிழட்டுக் குதிரை. அதனால் நடக்க முடியாமல் போனதும் படையே நின்றுவிட்டது. அதைப் புதைத்த பனங்காட்டிலேயே வீரர்கள் தங்கினார்கள். அவர்களின் வழிவந்தவர்களே கசாக் மக்கள். இங்கே ஓர் ஊரின் தொடக்கம் படையின் வெற்றி அல்ல, ஓய்ந்துபோன ஒரு வாகனத்துக்காகக் காத்திருந்தது. யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் இந்நாவல் 'கசாக்கின் இதிகாசம்' என்று தமிழுக்கு வந்தது.

யானை டாக்டர்

ஜெயமோகனின் 'யானை டாக்டர்' (2011) 'அறம்' தொகுப்பில் உள்ள கதை. டாப்ஸ்லிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை (இறப்பு: 2002) முன்வைத்து எழுதப்பட்டது. யானை இங்கே மனிதருக்காக உழைப்பதில்லை. மனிதர்தான் அதற்காக உழைக்கிறார். அழுகிய பிணத்தை அறுத்துச் சாவின் காரணம் தேடுகிறார், புழுவை அருவருக்காமல் கையிலெடுக்கிறார். சுற்றுலா வந்தவர்கள் வீசிய மதுப்புட்டி யானையின் காலில் குத்திச் சீழ்பிடிக்கும் பகுதி, கடனை யானை முகாமிலிருந்து வாசகர் வரைக்கும் நீட்டிவிடுகிறது.

ஜல்லிக்கட்டு

எஸ். ஹரீஷின் 'மாவோயிஸ்ட்' சிறுகதை லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஜல்லிக்கட்டு' (2019) படமானது. இடுக்கி மலைப்பகுதியில் எடுக்கப்பட்ட இப்படத்தில் வெட்டுக்குக் கொண்டுவந்த எருமை தப்பியோட, ஊரே அதைத் துரத்துகிறது. ஏரில் பூட்டப்படாத அந்த எருமை வெறும் இறைச்சி. இரவு வளர வளர, துரத்துபவர்களே கூட்டமாக விலங்காகிறார்கள். கசாக்கில் ஒரு விலங்குக்காக மனிதர் நின்றார்கள். இங்கே யாராலும் நிற்க முடியவில்லை.

இன்றைய நிலை

மரமிழுக்கும் வேலை போனபின் முகாம் யானைகளுக்கு மிஞ்சியது காட்டுயானைகளைப் பிடிக்க உதவும் கும்கி வேலை. 2023 ஏப்ரலில் இடுக்கியின் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைப் பிடித்து லாரியில் ஏற்ற நான்கு கும்கிகளை நிறுத்தினார்கள். ஒருகாலத்தில் மனிதருக்காகக் காட்டின் தேக்கை இழுத்த இனம், இப்போது மனிதருக்காகத் தன் இனத்தையே தள்ளி ஏற்றுகிறது.