கொழும்பு கோட்டை புகையிரத நிலையம்: அமைப்பும் வரலாறும்

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புகையிரதத்தில் கொழும்புக்கு வரும் பெரும்பாலானோர் முதலில் கால் வைக்கும் இடம் கோட்டை நிலையம். பெயரில் கோட்டை இருந்தாலும் நிலையம் இருப்பது புறக்கோட்டையில். ஒல்லாந்தர் காலக் கோட்டை மதில்களை ஆங்கிலேயர் இடித்து அகற்றிப் பல தசாப்தங்களின் பின்னர், 1917இல் இது திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் மன்செஸ்டர் விக்டோரியா நிலையத்தின் மாதிரியில் கட்டப்பட்டதாக இதன் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர். தமிழர்களைப் பொறுத்தவரையில் இதன் வரலாறு கட்டடத்தோடு முடிந்துவிடுவதில்லை. தொழில் தேடி வந்ததும், உயிர் தப்பி ஓடியதும், கைதான பிள்ளையைத் தேடி அலைந்ததும் அதில் அடங்கும்.

பாதைகளும் மேடைகளும்

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. அப்போது கோட்டை நிலையம் இருக்கவில்லை. மருதானைக்கு அருகிலிருந்த பழைய கொழும்பு முனையமே தொடக்க இடமாக இருந்தது. கரையோரப் பாதை வளர்ந்து, அலுவலகங்களுக்கு வருவோரின் தொகையும் கூடியபோது, கோட்டைக்கும் புறக்கோட்டைச் சந்தைக்கும் பக்கத்தில் ஒரு பெரிய நிலையம் தேவைப்பட்டது.

தூரப் பயணிகள் இதனைக் கடைசி நிலையமாகக் கருதினாலும், தண்டவாளங்கள் இங்கே முடிவதில்லை. ஒரு பக்கம் மருதானை ஊடாக ராகமை, பொல்காவலை நோக்கிப் பாதை செல்கிறது. மறுபக்கம் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை எனக் கடலோரமாகத் தெற்கே போகிறது. அதனால்தான் காலையிலும் மாலையிலும் சீசன் ரிக்கற்றுடன் வரும் ஊழியர்களும், பயணப் பைகளுடன் நிற்கும் தூரப் பயணிகளும் ஒரே மேடைகளில் நெரிபடுகிறார்கள். மேடைகளை மேம்பாலம் இணைக்கிறது.

முகப்பு ஒல்கொட் மாவத்தையைப் பார்த்தபடி இருக்கிறது. வாசலுக்கு எதிரே கேணல் ஒல்கொட்டின் சிலை நிற்கிறது. மத்திய பஸ் நிலையமும் பஸ்டியன் மாவத்தைத் தனியார் பஸ் நிலையமும் அருகில் உள்ளன. கொட்டாஞ்சேனைக்கும் கொச்சிக்கடைக்கும் பயணிகள் புகையிரதம் இல்லை. ஜூன் 13 அந்தோனியார் திருவிழாவுக்கு வருவோரும் இங்கே இறங்கி பஸ்ஸிலோ ஓட்டோவிலோ தான் போகவேண்டும்.

வடக்கிற்கான தொடர்பு

பொல்காவலையில் பிரியும் வடக்குப் பாதை 1905இல் யாழ்ப்பாணம் வரை முழுமையடைந்தது. 1914இல் தலைமன்னார் பாதை திறக்கப்பட்டதும், கொழும்பில் ஏறியவர் தலைமன்னாரில் கப்பல் மாறித் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து மீண்டும் புகையிரதத்தில் தமிழகத்துக்குப் போக முடிந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது.

யாழ்தேவி 1956 ஏப்ரல் 23ஆம் திகதி சேவையைத் தொடங்கியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டு ஜூனில்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் கொழும்பு அலுவலகங்களோடு பிணைத்த புகையிரதமும், அந்த அலுவலகக் கதவுகளை மூடத் தொடங்கிய சட்டமும் இரண்டு மாத இடைவெளியில் வந்தன.

வன்முறையின் காலம்

1958 மே மாதம் பொலன்னறுவை புகையிரத நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டனர். அந்த ஆண்டும் 1983 ஜூலையிலும் கொழும்பில் அகதிகளான தமிழர்கள் கப்பல் மூலமாக வடக்கிற்கு அனுப்பப்பட்டார்கள். தரைவழிப் பயணம் பாதுகாப்பற்றதாக இருந்தது. 1983 ஜூலை 29ஆம் திகதி, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி கோட்டை, புறக்கோட்டைப் பகுதிகளில் பரவியதைத் தொடர்ந்து கொலைகள் மீண்டும் நடந்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணச் சேவை நின்றது. யாழ்தேவி என்ற பெயர் இருந்தது. ஆனால் புகையிரதம் வவுனியாவைத் தாண்டவில்லை. அதற்கப்பால் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின.

கொழும்பின் சாதாரணப் பயணிகளும் இலக்காகினர். 1996 ஜூலை 24ஆம் திகதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிறைந்த புகையிரதத்தில் தெஹிவளையில் குண்டுகள் வெடித்து 64 பேர் கொல்லப்பட்டனர். 2008 பெப்ரவரி 3ஆம் திகதி கோட்டை நிலையத்துக்குள்ளேயே தற்கொலைக் குண்டு வெடித்தது. இறந்த 12 பேரில் பாடசாலை பேஸ்போல் அணி மாணவர்களும் அவர்களது பயிற்றுநரும் அடங்குவர். இரண்டு தாக்குதல்களுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பென அரசாங்கம் குற்றஞ்சாட்டியது.

இத்தகைய தாக்குதல்களின் பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சுற்றிவளைப்புகள் நடந்தன. அடையாள அட்டையில் தமிழ் எழுத்து இருப்பதே விசாரணைக்குப் போதுமாக இருந்தது. பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வெளியே போக மக்கள் அஞ்சினர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களைப் பார்க்க வந்த தாய்மார் பலருக்கு, கோட்டை என்பது மகசின் சிறைச்சாலைக்குப் போகும் வழியாக இருந்தது.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலான இடங்களுக்கு வெளியேற்றப்பட்டார்கள். மருத்துவத்துக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் வேலைக்குமாக வந்து தங்கியிருந்தவர்கள் அவர்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார்.

மீண்டும் ஓடிய புகையிரதம்

போர் முடிந்த பின்னர் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் வடக்குப் பாதையை மீளமைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் சேவை வந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைவரை பாதை திறக்கப்பட்டது. ஆனால் கப்பல் திரும்பி வரவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு 24 ஆண்டுகள் புகையிரதம் இல்லாதிருந்தது. அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு யாழ்தேவி பெற்றோர் சொன்ன கதை மட்டுமே. இப்போது அவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் கோட்டையில் வந்து இறங்குகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களும், சிறைகளில் உள்ளவர்களின் குடும்பங்களும் இன்னமும் இதே மேடைகளில்தான் இறங்குகிறார்கள். பாதை சீராகிவிட்டது. அவர்கள் கொழும்புக்கு வரவேண்டிய காரணங்கள் இன்னும் தீரவில்லை.