ஹந்தானையின் சித்திரை: உலாப் போனோரும் நடந்து வந்தோரும்

கண்டியில் வசந்தகாலம் என்று ஒன்று உண்டா? புவியியல் ஆசிரியரிடம் கேட்டால் இல்லை என்பார். மார்ச், ஏப்ரல் இரண்டும் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். காலையில் வானம் கழுவித் துடைத்தாற்போல் தெளிந்திருக்கும். பகல் இரண்டு மணி கழிந்ததும் ஹந்தானைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். ஆனாலும் வேலியோரத்து முள்முருக்கு இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கிறது. குயில் விடியுமுன் கூவத் தொடங்குகிறது. பேராதனைப் பல்கலைக்கழக வளவில் மாணவர்கள் ரொபரோசியா என்றழைக்கும் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துப் பாதையெங்கும் உதிர்கின்றன. பெயர் எதுவாயினும், கண்டிப் பக்கத்து மனிதர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாத மாதம் அது. சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு எங்காவது போகத்தான் மனம் சொல்லும்.

நானும் சித்திரை விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமையொன்றில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹந்தானைக்குப் போவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஒரு வருடம் தேயிலை நூதனசாலைக்கு மேலே, கண்டி நகரமும் வாவியும் உள்ளங்கையளவாய்த் தெரிகிற இடத்தில் நின்றபோது பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்று கேட்டது: "சேர், அந்தக் காலத்துல எங்கட ஆக்களும் இப்பிடி ட்ரிப் வந்தாங்களா?"

வரலாறு படிப்பிப்பவனுக்கு இது சின்னக் கேள்விதான். ஆனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உலா என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு, அதில் யார் போனார், யார் போகவில்லை என்பதும் அடங்கும் என்பதை அன்றுதான் யோசித்தேன்.

அரசர் காலத்திலிருந்து தொடங்கலாம். கண்டி அரண்மனைக்கு மேலிருக்கும் உடவத்தைக் காடு, பெயர் சொல்வதுபோல, மேற்தோட்டம். அரச குடும்பத்தின் உல்லாசத்துக்குரியது. குடிமக்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. கீழே இருக்கும் வாவியோ கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் தொடங்கி 1812இல் முடித்தது. அதை வெட்டிய குடிமக்கள் கட்டாய ஊழியம் செய்தவர்கள். இன்று வாவிக்கரையில் கச்சான் கொறித்தபடி நடக்கும் நாம் அவ்வூழியத்தின் மீதே நடக்கிறோம்.

எங்கட ஆக்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? நடந்துகொண்டிருந்தார்கள். கண்டி இராச்சியத்தின் போக்குவரத்துக்குப் பொறுப்பான மடிகே பத்த என்ற திணைக்களத்தில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தனர். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு வந்தன. மலையிலிருந்து பாக்கு இறங்கியது. எல்லாம் பொதிமாட்டு முதுகில்தான். தவளம் என்று சொல்லப்பட்ட அந்த மாட்டு அணிகளின் மணியோசை கேட்டுத்தான் பல ஊர்கள் உப்பு வருவதை அறிந்தன. லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இவ்விடயத்தை விரிவாக எடுத்துக்காட்டுகிறார். மலையும் கணவாயும் அருவியும் எங்கள் முன்னோருக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. ஆனால் அவர்கள் மலையைப் பார்த்தது மாட்டுக்குக் காலிடறாத வழி எது என்று தேடுவதற்கு. காட்சிக்காக அல்ல.

காட்சிக்காக மலையைப் பார்க்கும் பழக்கத்தைப் பாதையாகவே போட்டுவைத்தவர்கள் ஆங்கிலேயர். 1815இல் கண்டி வீழ்ந்தபின் அரசனின் தடைசெய்யப்பட்ட காடு தேசாதிபதியின் மாளிகைக்குப் பின்வளவாயிற்று. அதனுள்ளே நடைபாதைகள் வெட்டப்பட்டுத் தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்கள் இடப்பட்டன. லேடி ஹோர்ட்டன், லேடி கோர்டன், லேடி அண்டர்சன், லேடி மக்கலம் என்று பட்டியல் நீளும். இவர்களில் லேடி ஹோர்ட்டன், 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் துணைவி. இலக்கிய வாசகர்களுக்கு ஓர் உபரிச் செய்தி: இலண்டன் விருந்தொன்றில் கறுப்பு உடையில் இவரைக் கண்டுதான் பைரன் 1814இல் தமது புகழ்பெற்ற அழகுக் கவிதையை எழுதினார் என்பர். அந்தப் பெண் வயது முதிர்ந்து, கண்டிக் காட்டில் மாலை உலாப் போனதை நினைத்தால் எனக்கு விசித்திரமாகவே இருக்கும்.

1821இல் பேராதனையில் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் தாவரவியற் பூங்கா தொடங்கியது. அது முதலில் பயிர்ச் சோதனைக்கான இடம். ஓய்வாகப் பார்க்கும் பூங்காவாகப் பிற்பாடுதான் பெயர் பெற்றது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. கோப்பி மூட்டைகளை இறக்கவென்று போட்ட பாதைதான். ஆனாலும் வார இறுதியில் மலைக்கு வருவது என்ற வழக்கம் சாதாரண ஆட்களுக்கு எட்டியது அந்த ரயிலால்தான் என்று நான் கருதுகிறேன். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு இலங்கையின் ஓய்வுநாள் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயமே எழுதலாம்.

அதே 1867இல்தான் தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முந்திய வருடம், 1866இல், அதே தெல்தோட்டைப் பகுதியின் போப்பிட்டியில் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். கண்டிக் கலம்பகம் பாடியவர். எங்கட ஆக்களில் இந்த மலைநகரைச் சரக்கு இறக்கும் இடமாக மட்டும் பாராமல் பாட்டுடைப் பொருளாகவும் பார்த்தவர் என்று என் மாணவிக்கு நான் முதலில் காட்ட வேண்டியவர் இவர்தான். டெய்லர் அமர்ந்து மலை பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லாசனத்தைக் காண இன்றும் ஆட்கள் போகிறார்கள். புலவரின் ஊருக்கு அப்படி யாரும் பஸ் பிடித்துப் போவதாக நான் அறியேன்.

கண்டி நகருக்குள்ளும் எமக்குரிய உலாத்தலங்கள் உண்டு. 1838இல் கண்டியில் பிறந்து, 1882இல் 'முஸ்லிம் நேச'னைத் தொடங்கி, 1885இல் 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்ட அறிஞர் சித்திலெப்பையின் தெருக்கள் இவை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா 1892 முதல் 1901 வரை இங்கேதான் வாழ்ந்தார்; அவர் வாழ்ந்த வீடு 1983இல் கலாசார நிலையமாக்கப்பட்டது. பூங்காவுக்குப் போகிற பஸ் அங்கும் பத்து நிமிடம் நிற்கலாமே என்பது எனது பழைய முறைப்பாடு. பிள்ளைகள் பூங்காவின் குரங்குகளைத்தான் அதிகம் விரும்புகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஹந்தானைக்கு வருவோம். கோப்பிக் காலத்திலேயே இதன் சரிவுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தது தென்னிந்தியாவின் வரண்ட மாவட்டங்களிலிருந்து. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர் ஏராளம். லேடி ஹோர்ட்டனின் பாதையில் மாலை நடை நடந்த அதே நூற்றாண்டில் நடந்த நடை இது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது; நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் லயத்திலேயே இருந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிபோய், அது முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தார்கள்.

1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை கைவிடப்பட்டுக் கிடந்து 2001இல் நூதனசாலையானது. நான்கு மாடிகள். பழைய இயந்திரங்கள், உருளைகள், டெய்லரின் நினைவுப் பொருட்கள், மேல்மாடியில் தேநீர். பிள்ளைகளுக்குப் பிடித்த இடம்; அவசியம் போக வேண்டிய இடமுங்கூட. கூடை சுமந்தவளின் கதையை மட்டும் நான் வெளியே வந்து, செடிகளுக்கு நடுவே நின்றே சொல்வேன்.

அந்த மக்களுக்கென்று ஒரு வசந்தவிழா உண்டு. மலையகத்தில் வசந்தம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் அதில்தான் இருக்கிறது: காமன் கூத்து. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும்போது காமன் கம்பத்தை ஊன்றுவார்கள். பிறகு ஒவ்வொரு இரவும் தப்பு முழங்கும். மன்மதனும் இரதியும் ஆடுவார்கள். இரதிக்கு வேடமிடுவதும் ஆண்தான். கடைசி இரவில் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்பட்ட மன்மதன் எரிகிறான். இரதியின் ஒப்பாரியை விடிய விடிய உட்கார்ந்து கேட்பார்கள். மன்மதன் எரிந்தானா, இல்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவதும் உண்டு. மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுவதோடு கூத்து முடியும். பகலெல்லாம் மலையில் நின்ற கால்கள் இரவெல்லாம் ஆடுகின்றன. இதற்கு எந்தத் துரையும் பாதை வெட்டிக் கொடுக்கவில்லை.

எனது வாப்பா தோட்டமொன்றின் சந்தியில் சில்லறைக்கடை வைத்திருந்தார். மாசி பிறந்தால் கலர்க் கடதாசியும் ஜிகினாவும் மண்ணெண்ணெயும் கடனுக்குப் போகும். வாப்பா கூத்துக்குப் போனதில்லை. அது நமக்குரியதல்ல என்பார். ஆனால் அந்தக் கடைசி இரவில் கடையை மூடவும் மாட்டார். ஒப்பாரி தொடங்கினால் கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டுப் படியில் வந்து உட்காருவார். மூன்றாம் பிறையை முதலில் கண்டு சொல்வதும் பல தடவை அவர்தான்; பிறை பார்ப்பதில் எங்களுக்குப் பழக்கம் அதிகமல்லவா!

பிறை என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. காமன் பிறையைப் பார்த்து வந்தாலும் மாசியை விட்டு விலகுவதில்லை. சித்திரைப் புத்தாண்டு சூரியனைப் பார்த்து ஏப்ரல் நடுப்பகுதியில் நிலையாக நிற்கிறது. எமது ஹிஜ்ரி ஆண்டோ சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைந்தது. ஆகவே பெருநாள் ஒவ்வொரு பருவமாக நகர்ந்து, முப்பத்துமூன்று ஆண்டளவில் ஒரு சுற்று முடிக்கிறது. எமக்கென்று நிலையான வசந்தப் பண்டிகை இல்லை. இருப்பது அயலவரின் புத்தாண்டு தரும் விடுமுறை. கவுமும் கொக்கிஸும் எங்கள் வீட்டுக்கு வரும். எமது பெருநாளில் வட்டிலாப்பம் அந்த வீட்டுக்குப் போகும். 2024இல் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. தட்டுகள் நடுவழியில் சந்தித்துக்கொண்டன என்று எனது மனைவி சொன்னார்.

எல்லா வசந்தமும் அப்படி அமையவில்லை. 1915 மே இறுதியில், வெசாக் இரவில் கண்டியில் மூண்ட கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. 2018 மார்ச்சில் தெல்தெனிய, திகன பகுதிகளில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு அவசரகாலநிலை வந்தபோது, நான் பெற்றோருக்கு எழுதிவைத்திருந்த சுற்றுலாக் கடிதங்கள் மேசைக்குள்ளேயே இருந்துவிட்டன. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பர்தா அணிந்த பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். 2020இல் ஊரடங்கு. 2022இல் டீசல் இல்லை. 2025 நவம்பரில் திட்வா சூறாவளியின் மழை கண்டி மாவட்டத்து மலைகளைப் பல இடங்களில் சரித்து ஊர்களையே மூடியது. ஒரு சோற்றுப் பார்சலோடு பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவதற்கு எத்தனை விடயங்கள் ஒருங்கே கூடிவர வேண்டும் என்பதை அந்த வருடங்களில்தான் அறிந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காலை எட்டுக்குள் ஏறத் தொடங்கி, இரண்டு மணிக்குமுன் இறங்கிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கையிலிருக்கட்டும். ஹந்தானை 2010இலிருந்து சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம். நெருப்பு மூட்டுவதும் பொலித்தீன் வீசுவதும் கூடாது. அண்மைய மண்சரிவுகளுக்குப் பிறகு மேலேறும் பாதைகளை ஊரவரிடம் விசாரிக்காமல் போகவும் கூடாது.

அன்று நான் இந்த நேரக்கணக்கைப் பிழைத்துவிட்டேன். பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்க, ஒன்றரைக்கே இருட்டி மழை பிடித்துக்கொண்டது. லயத்து வாசலிலிருந்து ஒரு அம்மா கையசைத்துக் கூப்பிட்டார்: "சேரு, புள்ளைகள கூட்டிக்கிட்டு வாங்க, இஸ்தோப்புல நில்லுங்க!" இருபத்தெட்டுப் பிள்ளைகளும் இரண்டு வீட்டு இஸ்தோப்பில் நெருக்கியடித்து நின்றோம். அடுப்பில் கேத்தல் ஏறியது. இருந்த கோப்பைகளைக் கழுவிக் கழுவி, முறைவைத்துப் பிளேன்டீ வந்தது.

கேள்வி கேட்ட அதே பிள்ளை அவரிடமும் கேட்டது. "நீங்க மேல மலைக்குப் போயிருக்கீங்களா?"

தோட்டத்துப் பேச்சில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம். அவருக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரமெடுத்தது.

"மலைக்கு நெதம் போறது தானே பாப்பா," என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "பாக்கவா? பாக்கப் போனதில்ல."

மூன்றரைக்கு மழை விட்டது. பிள்ளைகள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். கீழே பஸ் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.