மேட்ச் பார்க்கும் கூட்டமும் மைக் பிடிக்கும் அரசியலும்

கூட்டம் சேர்ப்பது அரசியல்வாதிக்குப் பெரிய செலவு. வேன், பிரியாணி, கொடி, பந்தல் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். ஆனால் ஒரு பெரிய மேட்ச் என்றால் கூட்டம் தானாகவே டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆளுங்கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், எந்தக் கட்சியுமே பிடிக்காதவர்... எல்லோரும் ஒரே நேரத்தில்! இப்படி ரெடிமேடாகக் கிடைக்கும் கூட்டத்தை யார்தான் விடுவார்கள்?

திருப்பூர் காதர்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனியன் துணி ஒன்றுதான். தேர்தல் வந்தால் அதில் தலைவர் முகம், ஐ.பி.எல். வந்தால் அதில் வீரரின் பெயரும் நம்பரும். போட்டுக்கொண்டு திரிகிறவரும் பல நேரம் ஒரே ஆள்தான். அந்த ஆளைப் பிடிக்கத்தான் விளையாட்டும் அரசியலும் போட்டி போடுகின்றன.

சரி, மேட்ச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு அரசியல்வாதி என்ன விலை கொடுக்கிறார்? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த விலைக்குப் பெயர் பேட்டி. அந்த ஊர் ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல்தான் அங்கே அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சி. 1992 ஜனவரி 26 அன்று அந்த மேட்ச் முடிந்த கையோடு சி.பி.எஸ். சேனலில் ஒரு பேட்டி ஒளிபரப்பானது. உட்கார்ந்திருந்தவர்கள் ஆர்கன்சா மாநில கவர்னர் பில் கிளிண்டனும் அவர் மனைவி ஹிலாரியும். ஜனாதிபதி தேர்தலில் நிற்க முயன்றுகொண்டிருந்த கிளிண்டன் மீது ஒரு பெண்ணுடன் தொடர்பு என்று புகார் கிளம்பி, ஆட்டம் காலி என்று எல்லோரும் நினைத்த நேரம். மேட்ச் பார்த்த கூட்டம் கலைவதற்குள் அதன் முன்னாலேயே வந்து பதில் சொன்னார். அடுத்த மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாம் இடம் பிடித்துத் தப்பித்தார். அந்த வருடக் கடைசியில் ஜனாதிபதி தேர்தலிலும் ஜெயித்தார்.

2004 பிப்ரவரி 1 அன்று ஜார்ஜ் புஷ், மேட்ச்சுக்கு முன்பு நேரலையில் பேசினார். அதுவும் தேர்தல் வருடம்தான். பேட்டி எடுத்தவர் ஜிம் நான்ட்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளர்! 2009-ல் ஒபாமா வந்த பிறகு இது வருடாந்திர வழக்கமாகவே ஆகிவிட்டது. மேட்ச் எந்தச் சேனலில் வருகிறதோ, அந்தச் சேனலுக்குப் பேட்டி. அப்படித்தான் 2011-லும் 2014-லும் தன்னை விடாமல் தாக்கிக்கொண்டிருந்த ஃபாக்ஸ் சேனலின் பில் ஓ'ரைலி முன்னால் ஒபாமா உட்கார வேண்டி வந்தது. 2014-ல் பெங்காசி தாக்குதல், வருமானவரித் துறை விவகாரம், படுத்துப்போன மருத்துவக் காப்பீட்டு வெப்சைட் என்று குறுக்குக் கேள்விகள். இதையெல்லாம் உங்கள் சேனல்தான் ஊதிப் பெரிதாக்குகிறது என்கிற அளவுக்கு ஒபாமா கடுப்பானார். ஆனாலும் எழுந்து போகவில்லை.

இந்த வழக்கத்திலும் ஓட்டை உண்டு. 2018-ல் டிரம்ப் என்.பி.சி.க்குப் பேட்டி தரவில்லை. பைடன் 2023-ல் ஃபாக்ஸுக்கும், தேர்தல் வருடமான 2024-ல் சி.பி.எஸ்.ஸுக்கும் தரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 'ஏன் வரவில்லை' என்பதே செய்தியானது. நாற்காலி என்று ஒன்று போட்டிருந்தால்தானே அது காலியாக இருப்பது தெரியும்!

இனி நம் பக்கம் வருவோம். இங்கேயும் தலைவர்கள் மைதானத்துக்கு வராமல் இல்லை. 1987 பிப்ரவரியில், எல்லையில் இரண்டு பக்கமும் ராணுவம் குவிந்திருந்தபோது, பாகிஸ்தானின் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்கு டெஸ்ட் மேட்ச் பார்க்க வந்தார். 2011 மார்ச் 30 அன்று மொஹாலியில் உலகக்கோப்பை அரையிறுதியை மன்மோகன் சிங்கும் கிலானியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். 2023 மார்ச் 9 அன்று அகமதாபாத்தில், தன் பெயரே வைக்கப்பட்ட ஸ்டேடியத்தில், மோடி ஆஸ்திரேலியப் பிரதமர் அல்பனீஸுடன் ரதம் போல அலங்கரித்த வண்டியில் மைதானத்தை வலம் வந்தார். கேப்டன்களுக்குத் தொப்பி கொடுத்தார்கள், கை குலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் சூப்பர் பவுல் பேட்டி போன்ற ஒரு வழக்கம் இங்கே உருவாகவே இல்லை. ஆக, கூட்டம் கிடைக்கிறது, விலை கிடையாது. தலைவர் மைதானத்துக்குள் வருகிறார், கேள்வி வெளியே நிற்கிறது.

வெளியே நிற்கும் கேள்வி எத்தனை நாள் சும்மா நிற்கும்? அதற்கான பதில்தான் 2018-ல் சேப்பாக்கத்தில் நடந்தது.

அந்த வருடம் பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. ஆறு வாரத்துக்குள் மத்திய அரசு ஒரு செயல்திட்டம் உருவாக்க வேண்டும் என்றும் கோர்ட் சொல்லியிருந்தது. கெடு முடிந்தது, திட்டம் வரவில்லை. தமிழ்நாடு கொதித்தது.

சரியாக அதே நேரத்தில்தான் இரண்டு வருடத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் ஊர் திரும்பியது. ஏப்ரல் 10, கொல்கத்தாவுடன் மேட்ச். டெல்டா தவிக்கும்போது ஐ.பி.எல். கேட்கிறதா என்று பாரதிராஜா, சீமான், வைரமுத்து உட்படப் பலர் அண்ணா சாலைப் பக்கம் திரண்டார்கள். வீரர்கள் கறுப்பு பேட்ஜ் அணிந்து ஆடலாம் என்று அதற்கு முன்பே ரஜினிகாந்த் யோசனை சொல்லியிருந்தார். அது நடக்கவில்லை. ஆயிரக்கணக்கில் போலீஸ். ஸ்டேடியத்துக்குள் கொடியோ பேனரோ கொண்டுபோகத் தடை.

பேனர் போகவில்லை, செருப்பு போனது. ஜடேஜா நின்றிருந்த பக்கமாக மைதானத்துக்குள் வந்து விழுந்தது. வெளியே மஞ்சள் சட்டை போட்ட ரசிகர்கள் சிலர் அடி வாங்கினார்கள், போலீஸ்காரரும் தாக்கப்பட்டார். இதில் நியாயம் எதுவும் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த ரசிகனா காவிரியை அடைத்தான்?

சென்னை 203 ரன்களைத் துரத்தி ஒரு பந்து மீதமிருக்க ஜெயித்தது. மறுநாளே மீதி ஆறு உள்ளூர் மேட்ச்களும் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்களை அங்கே கூட்டிப் போகத் தனி ரயிலே விட்டார்கள். ஏப்ரல் 12 அன்று பிரதமர் திருவிடந்தைக்கு ராணுவக் கண்காட்சியைத் தொடங்கி வைக்க வந்தார். கீழே கறுப்புக் கொடி, மேலே கறுப்பு பலூன், அவரோ ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது ஜூன் மாதத்தில்தான்.

"மேட்ச் பார்க்க வந்தவனுக்கு எதற்கு அரசியல்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தொப்பி கொடுக்கும்போதும், ரதத்தில் வலம் வரும்போதும் கேட்டிருக்க வேண்டாமா? தலைவர் வந்தால் விருந்தினர், விவசாயியின் கேள்வி வந்தால் மட்டும் அரசியல் என்றால் கணக்கு இடிக்கிறது.

கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில்தான், அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பொதுச்சொத்தில் கூடும் கூட்டத்தின் முன்னால் வர விரும்பும் தலைவர், பத்து நிமிடம் கேள்விக்கும் உட்காரட்டும். உட்கார மாட்டார் என்றால் அந்தக் காலி நாற்காலியையாவது காட்டட்டும். மழை பெய்து ஆட்டம் நின்றால் மணிக்கணக்கில் பழைய ஹைலைட்ஸ் போடுகிறவர்களுக்கு, இதற்கா நேரம் கிடைக்காது?