திரையின் புள்ளிக் கணக்கு



கணினித் திரை வாங்கச் செல்லும் ஒருவர் முதலிற் கேட்பது, "இது எத்தனை அங்குலம்?" என்பதே. ஓர் அங்குலத்துள் எத்தனை ஒளிப்புள்ளிகள் அடங்கியுள்ளன என்று கேட்பவர் அரியர். இவ்விரு கேள்விகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்த கதையே இன்றைய பேச்சின் பொருள்.

திரையின் நுண்மையை வரையறுக்கும் வழக்குக் கணினிக்கு முற்பட்டது. 1936 நவம்பரில் இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து தொலைக்காட்சி ஒலிபரப்புத் தொடங்கியபோது, பெயர்டின் 240 கோடுகளும் மார்க்கோனி - ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோடுகளும் மாறிமாறிச் சோதிக்கப்பட்டன. 1937 தொடக்கத்தில் 405 வென்றது. பிரித்தானியாவில் அது 1985 வரை நீடித்தது. ஒருமுறை தெரிந்தெடுத்த அளவு அரை நூற்றாண்டளவு மக்களைக் கட்டிவைத்தது என்பதை இங்கு மனத்திற் கொள்க.

கணினித் திரையோ அச்சுத் தாளைப் பார்த்துப் பிறந்தது. 1973இல் கலிபோர்னியாவிலுள்ள ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவான 'அல்ரோ' என்னும் கணினியின் திரை, கடிதத்தாள் போல நெட்டையாக நின்றது. அகலத்தில் 606, உயரத்தில் 808 புள்ளிகள். 1984இல் வந்த அப்பிள் மக்கின்ரொஷ், ஒன்பது அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளிகளை வைத்தது. அச்சுக்கோப்போர் எழுத்தை அளக்கும் 'பொயின்ற்' அங்குலத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்காதலின், தாளில் வரும் எழுத்தும் திரையில் வரும் எழுத்தும் ஒரே பருமனாயின. அழகிய ஏற்பாடுதான். ஆயினும் அதுவே பின்னர் விலங்காயிற்று. மென்பொருள் எழுதுவோர் எழுத்தை அங்குலத்தால் அளவாது புள்ளியால் அளக்கப் பழகிவிட்டனர்.

அதன் விளைவு 2001இல் வெளிப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 'ரி220' என்னும் 22.2 அங்குலத் திரையை விற்பனைக்குக் கொணர்ந்தது. 3840க்கு 2400, அதாவது ஏறத்தாழத் தொண்ணூற்றிரண்டு இலட்சம் புள்ளிகள், அங்குலத்துக்கு 204. ஆய்வுகூடங்களில் நுண்ணிய படங்களை ஆராய்வோருக்கு அது பெருவரமாயிற்று. சாதாரண மேசையிலோ, அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்று கருதி வரைந்த எழுத்துக்கள் அதில் பாதியினும் சிறுத்துத் தோன்றின. கண் காணாத திரை என்று அதனைக் குறைகூறுவது நியாயமன்று, குறை மென்பொருளுடையது.

தீர்வு மிக எளிதாக வந்தது. 2010இல் கைத்தொலைபேசியிலும் 2012இல் மடிக்கணினியிலும் அப்பிள் நிறுவனம் புள்ளிகளை இருபக்கமும் சரியாக இரட்டித்தது. எழுத்தின் பருமன் மாறவில்லை; அதன் வடிவம் திருந்தியது.

இத்திருத்தத்தின் பயனை நம்முடைய எழுத்தில் வைத்துப் பார்ப்போம். அங்குலத்துக்கு 96 புள்ளித் திரையில் பத்துப் பொயின்ற் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் பதின்மூன்று புள்ளிகள். அதற்குள் 'ன'கரத்தின் இரு சுழியும் 'ண'கரத்தின் மூன்று சுழியும் வேறுபடவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு எஞ்சுவது ஒன்றோ இரண்டோ. 'மனம்' 'மணம்' ஆகும் பிழை மெய்ப்புப் பார்ப்போர் கண்ணுக்குத் தப்புவதில் வியப்பில்லை.

இனி, தெரிவு. கூரிய கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்பர். அறுபது சென்ரிமீற்றர் தொலைவில் அது அங்குலத்துக்கு ஏறத்தாழ 145 புள்ளிகளாகும். 3840க்கு 2160 என்னும் ஒரே அளவை எடுத்துக்கொண்டால், 24 அங்குலத்தில் 184, 27இல் 163, 32இல் 138 என அடர்த்தி குறைந்துவரும். திரை பெருக்க நுண்மை தேய்கிறது. நாள்முழுதும் தமிழ் வாசிப்பவருக்கு 27 அங்குலம் பொருந்தும் என்பது என் எண்ணம். 32 வேண்டுவோர் திரையைச் சற்றுத் தள்ளிவைத்தல் நன்று. அதே 27 அங்குலத்தில் 2560க்கு 1440 மட்டுமுள்ள மலிவான திரையும் உண்டு. அதன் அடர்த்தி 109. படம் பார்ப்பதற்கு அது போதும், மெய்ப்புப் பார்ப்பதற்கு நான் அதனை வாங்கேன்.

முதியோர் சிலர், "பார்வை மங்கியவனுக்கு நுண்மை எதற்கு?" என்று கேட்பதுண்டு. அவர்கள் எழுத்தைப் பெருப்பித்துக் கொள்ளட்டும். பெருத்த எழுத்திலும் சுழிகள் ஒட்டாமல் நிற்பது அடர்ந்த திரையிலேதான். வாங்குமுன் கடைக்காரர் காட்டும் மலைக்காட்சியை விடுத்து, 'கண்ணன்' என்று சிறிய எழுத்தில் தட்டச்சிட்டுப் பார்க்கலாம்.