ஐக்கிய அமெரிக்கக் கல்லூரி மாணவர் இதழ்கள்

ஐக்கிய அமெரிக்கக் கல்லூரி மாணவர் இதழ்கள் என்பவை அந்நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிலும் மாணவர்கள் தாமே எழுதி, தொகுத்து, வெளியிடும் செய்தித்தாள்கள், இலக்கிய இதழ்கள், நகைச்சுவை இதழ்கள், ஆண்டு மலர்கள் ஆகியவற்றைக் குறிக்கும். வளாகச் செய்திகள், விளையாட்டு, நாடக, இசை விமர்சனங்கள், கவிதை, சிறுகதை, கேலிச்சித்திரம், கருத்துரை ஆகியன இவற்றில் இடம்பெறுகின்றன. கல்லூரி நிருவாகமே வெளியிடும் செய்திமடல்கள் இவ்வகையில் அடங்கா.

இவ்விதழ்களை எழுதுவோர் மாணவர்கள். ஆனால் பல இடங்களில் அச்சுச் செலவை ஏற்பது கல்லூரி. எனவே இதழில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை யார் முடிவு செய்வது என்ற வினா இவற்றின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது. 1960களில் இருந்து இவ்வினா பலமுறை நீதிமன்றங்களுக்குச் சென்றுள்ளது.

தோற்றம்

தொடக்கத்தில் மாணவர்கள் பெரும்பாலும் இலக்கிய இதழ்களையே நடத்தினர். யேல் இலக்கிய இதழ் 1836 ஆம் ஆண்டிலும் ஆர்வர்டு அட்வகேட் 1866 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. கவிஞர் டி. எஸ். எலியட் மாணவராக இருந்தபோது எழுதிய கவிதைகள் அட்வகேட்டில் வெளியாயின.

செய்தி இதழ்கள் 1870களில் பெருகின. ஆர்வர்டு மாணவர்கள் 1873 இல் "மெஜந்தா" என்ற பெயரில் ஓர் இதழைத் தொடங்கினர். கல்லூரியின் அடையாள நிறம் மெஜந்தாவில் இருந்து கிரிம்சன் எனப்படும் அடர்சிவப்புக்கு மாறியதால் 1875 இல் இதழும் "கிரிம்சன்" எனப் பெயர் மாற்றிக்கொண்டது. யேல் டெய்லி நியூஸ் 1878 இலும் கார்னெல் டெய்லி சன் 1880 இலும் தோன்றின. இவற்றுள் எது பழையது என்பதில் இதழ்களிடையே இன்றும் போட்டி உண்டு. டார்ட்மவுத் கல்லூரி இதழ் தன் தொடக்க ஆண்டு 1799 என்று கூறிக்கொள்கிறது. ஆனால் அவ்வாண்டில் வெளிவந்தது அவ்வூர்ச் செய்தித்தாள் ஒன்றே என்பதால் மற்றவர்கள் அதை ஏற்பதில்லை.

கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் "ஹில்டாப்" என்ற இதழ் 1924 இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய மாணவர்களுள் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான சோரா நீல் ஹர்ஸ்டன்.

உள்ளடக்கம்

விடுதி உணவின் தரம், கட்டண உயர்வு, கால்பந்து அணியின் தோல்வி, மாணவர் சங்கத் தேர்தல், அறை வாடகைக்கு வரி விளம்பரம் ஆகியவையே ஒரு மாணவர் நாளிதழின் அன்றாடச் சரக்கு. வெளியாருக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தலைமுறை மாணவர்கள் எதை உண்டனர், எந்தப் பாடலைக் கேட்டனர், எதற்குச் சினந்தனர் என்பதை அறிய ஆய்வாளர்கள் இப்பக்கங்களையே நாடுகின்றனர். கல்லூரியின் ஆண்டறிக்கையில் இவை கிடைப்பதில்லை.

வளாக வாழ்க்கையைப் பற்றிய கேலி சில நேரங்களில் வளாகத்துக்கு வெளியேயும் சென்றுள்ளது. யேல் மாணவரான கேரி ட்ரூடோ 1968 இல் யேல் டெய்லி நியூசில் "புல் டேல்ஸ்" என்ற படக்கதையை வரையத் தொடங்கினார். யேல் கால்பந்து அணியையும் விடுதித் தோழர்களையும் கிண்டல் செய்த அப்படக்கதை 1970 இல் "டூன்ஸ்பரி" என்ற பெயரில் நாடு முழுவதும் உள்ள செய்தித்தாள்களில் வெளிவந்தது. 1975 இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆர்வர்டு மாணவர்கள் 1876 இல் தொடங்கிய "லாம்பூன்" முழுவதும் நகைச்சுவைக்கானது. செய்தித்தாள்களையே பகடி செய்யும் "ஆனியன்" இதழை 1988 இல் தொடங்கியவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் இருவர்.

கணினித் துறையினருக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. மார்க் சக்கர்பெர்க் 2003 இல் உருவாக்கிய "ஃபேஸ்மாஷ்" தளத்தைப் பற்றிய சர்ச்சையையும், 2004 பெப்ரவரியில் அவர் தொடங்கிய பேஸ்புக்கையும் பற்றி முதலில் எழுதியவை கிரிம்சன் போன்ற வளாக ஏடுகளே. அப்போது அது மற்றுமொரு விடுதிச் செய்தி.

நிருவாகமும் நிதியும்

பெரும்பாலான இதழ்களில் இதழாசிரியர் பொறுப்பு ஓராண்டு அல்லது அதற்கும் குறைவான காலத்துக்கே ஒருவரிடம் இருக்கும். குடியரசுத் தலைவராகப் பின்னர் பதவி வகித்த பிராங்க்ளின் ரூசவெல்ட் தன் மாணவப் பருவத்தில் கிரிம்சனின் தலைவராக இருந்தார். நான்கு ஆண்டுகளில் ஆட்கள் அனைவரும் மாறிவிடுவதால் இதழ்களுக்கு நினைவாற்றல் குறைவு. ஒரு பிணக்கில் நிருவாகம் காத்திருந்தாலே போதும், எதிர்த்து எழுதியவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார்.

வருவாய் மூன்று வழிகளில் வருகிறது: விளம்பரம், மாணவர்களிடம் பெறப்படும் கட்டணத்தில் ஒரு பங்கு, கல்லூரியின் நேரடி உதவி. கார்னெல் டெய்லி சன் தொடக்கம் முதலே பல்கலைக்கழகத்தைச் சாராதது. வேறு சில இதழ்கள் பூசலுக்குப் பின் பிரிந்தன. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் "மக்கள் பூங்கா" எனப்பட்ட நிலத்தை மீட்குமாறு வாசகர்களை அழைத்து டெய்லி கலிபோர்னியன் 1971 இல் தலையங்கம் எழுதியது. அதனால் இதழாசிரியர்கள் நீக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே இதழ் தனி நிறுவனமாகியது. ஸ்டான்போர்டு டெய்லி 1973 இல் பிரிந்தது. பிரிந்த இதழ்களைத் தணிக்கை செய்ய முடியாது. ஆனால் விளம்பரம் குறைந்தால் தாங்கிப் பிடிக்கவும் எவரும் இல்லை. அச்சு விளம்பரம் சரிந்த 2000களுக்குப் பின் பல நாளிதழ்கள் கிழமை இதழ்களாகச் சுருங்கின.

சட்ட நிலை

அமெரிக்க அரசமைப்பின் முதலாம் திருத்தம் பேச்சுரிமையையும் இதழுரிமையையும் அரசு பறிப்பதைத் தடுக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் அரசின் ஓர் உறுப்பு என்பதால் அதன் நிருவாகம் இத்திருத்தத்துக்குக் கட்டுப்பட்டது. தனியார் பல்கலைக்கழகம் அவ்வாறன்று. ஆகவே எதிர்பார்ப்புக்கு மாறாக, அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரியில் எழுதும் மாணவருக்கே சட்டப் பாதுகாப்பு மிகுதி. கலிபோர்னியா மாநிலம் மட்டும் 1992 இல் இயற்றிய லெனார்டு சட்டத்தின் மூலம் தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் இவ்வுரிமையை விரிவாக்கியது.

இத்துறையின் முன்னோடி வழக்கு அலபாமா மாநிலத்தின் ட்ராய் கல்லூரியில் எழுந்தது. அக்கல்லூரி இதழ் ஆளுநரையோ மாநிலச் சட்டமன்றத்தையோ குறை கூறக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. கல்லூரியின் உரிமையாளர் மாநில அரசு, உரிமையாளரைக் குறை கூறலாகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பாராட்டுவதற்குத் தடை இல்லை. 1967 இல் அலபாமா பல்கலைக்கழகத் தலைவர் தம் மாணவர்களின் கருத்துரிமையை ஆதரித்ததற்காக அரசியலாளர்களின் கண்டனத்துக்கு ஆளானார். அவருக்கு ஆதரவாக, ட்ராய் இதழாசிரியரான கேரி டிக்கி என்ற மாணவர் ஒரு தலையங்கம் எழுதினார். அதை வெளியிட அனுமதி மறுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வெளியிடும்படி அவரிடம் கொடுக்கப்பட்டது வட கரோலைனாவில் நாய் வளர்ப்பது பற்றிய கட்டுரை. டிக்கி இரண்டையும் வெளியிடவில்லை. தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு, அதன் குறுக்கே "தணிக்கை செய்யப்பட்டது" என்று பொருள்படும் ஒரே சொல்லை அச்சிட்டார். கல்லூரி அவரை இடைநீக்கம் செய்தது. கூட்டாட்சி நீதிபதி பிராங்க் ஜான்சன் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். இதழ் நடத்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. ஆனால் நடத்தத் தொடங்கியபின் குறை கூறியதற்காக மாணவரைத் தண்டிக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டில் வழக்கு பொருளற்றுப் போனதாகக் கருதப்பட்டு இத்தீர்ப்பு 1968 இல் விலக்கப்பட்டது. எனினும் பிற்கால நீதிமன்றங்கள் அதன் தருக்கத்தைப் பின்பற்றின. மிசௌரி பல்கலைக்கழக மாணவி ஒருவரின் வழக்கில் 1973 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நாகரிகக் குறைவாக உள்ளது என்பதற்காக மட்டும் வளாகத்தில் கருத்துகளைத் தடுக்க முடியாது என்றது.

1988 இல் நிலை மாறியது. மிசௌரி மாநிலத்தின் ஹேசல்வுட் உயர்நிலைப் பள்ளி முதல்வர், மாணவியர் கருவுறுதல், பெற்றோர் மணமுறிவு ஆகியன பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களை மாணவர் இதழில் இருந்து நீக்கியிருந்தார். கல்வி நோக்கில் நியாயமான காரணம் இருந்தால் பள்ளி அவ்வாறு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இது கல்லூரிகளுக்கும் பொருந்துமா என்பதை ஓர் அடிக்குறிப்பில் முடிவு செய்யாமல் விட்டது. அந்த ஓர் அடிக்குறிப்பே பின்வந்த வழக்குகளுக்கு இடமளித்தது.

அவற்றுள் ஒன்று ஆண்டு மலர் பற்றியது. கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 1992 முதல் 1994 வரையிலான காலத்துக்குத் தயாரித்த மலரைப் பல்கலைக்கழகம் வழங்க மறுத்துப் பூட்டி வைத்தது. அட்டை ஊதா நிறத்தில் இருந்தது, பல்கலைக்கழகத்தின் நிறங்களோ பச்சையும் பொன்னிறமும். பல படங்களுக்குக் குறிப்பு இல்லை. "சேருமிடம் தெரியாது" என்ற மையப்பொருள் பொருத்தமற்றது என்பன சொல்லப்பட்ட குறைகள். கீழ் நீதிமன்றம் ஹேசல்வுட் தீர்ப்பைக் காட்டிப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2001 இல் ஆறாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, மலரைப் பறித்தது உரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது. அட்டையின் நிறத்துக்காகத் தொடங்கிய பூசல் முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. மலரில் படம் இருந்த மாணவர்களுள் பெரும்பாலோர் அதற்குள் கல்லூரியை விட்டுச் சென்றிருப்பர்.

ஏழாம் சுற்று நீதிமன்றம் எதிர்த்திசையில் சென்றது. இல்லினாய் மாநிலத்தின் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் இதழை அச்சிடும் அச்சகத்துக்கு 2000 ஆம் ஆண்டில் நிருவாகி ஒருவர் தொலைபேசியில் பேசி, தம் ஒப்புதல் இன்றி அச்சிட வேண்டாம் என்றார். அச்சு நின்றது. கல்லூரிக்கும் ஹேசல்வுட் அளவுகோல் பொருந்தும் என 2005 இல் அந்நீதிமன்றம் கூறியது. 2006 இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அதன் விளைவாகக் கலிபோர்னியா 2006 இலும் இல்லினாய் 2007 இலும் கல்லூரி இதழ்களைத் தணிக்கையில் இருந்து காக்கும் சட்டங்களை இயற்றின. சட்டம் இல்லாத மாநிலங்களில் நிலை சுற்றுக்குச் சுற்று வேறுபடுகிறது. இத்தகைய வழக்குகளில் மாணவர்களுக்கு இலவச ஆலோசனை தருவது 1974 இல் நிறுவப்பட்ட மாணவர் இதழ்ச் சட்ட மையம்.

இலவசமாக வைக்கப்படும் இதழ்க் கட்டுகளை, பிடிக்காத செய்தி வந்த நாளில் மொத்தமாக அள்ளிச் செல்வதும் ஒருவகைத் தணிக்கையே. விலையில்லாப் பொருளை எடுப்பது திருட்டாகுமா என்ற குழப்பத்தை நீக்க மேரிலாந்து மாநிலம் 1994 இல் அதைக் குற்றமாக்கியது.

காவல்துறையும் மாணவர் இதழும்

1971 ஏப்ரலில் ஸ்டான்போர்டு மருத்துவமனையில் நடந்த மோதலில் காவலர்கள் காயமடைந்தனர். தாக்கியவர்களின் படங்கள் இருக்கலாம் என்று கருதிய காவல்துறை ஸ்டான்போர்டு டெய்லி அலுவலகத்தைச் சோதனையிட்டது. புதிய படம் எதுவும் கிடைக்கவில்லை. சோதனை சட்டப்படி சரி என 1978 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர்கள் தோற்றாலும் அத்தீர்ப்பால் கலங்கிய நாடாளுமன்றம், செய்தி அலுவலகங்களை எளிதில் சோதனையிட முடியாதபடி 1980 இல் ஒரு சட்டம் இயற்றியது. நாட்டின் பெரிய நாளிதழ்களும் இன்று பெற்றுள்ள அப்பாதுகாப்பு ஒரு மாணவர் நாளிதழின் தோல்வியால் கிடைத்தது.

அண்மைக் காலம்

ஸ்டான்போர்டு டெய்லியில் முதலாண்டு மாணவரான தியோ பேக்கர், பல்கலைக்கழகத் தலைவர் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் படங்கள் குறித்த ஐயங்களை 2022 நவம்பர் முதல் எழுதினார். விசாரணைக் குழு, தலைவர் தாமே தரவுகளைத் திரித்ததாகக் காணவில்லை. ஆனால் தவறுகளை உரிய நேரத்தில் திருத்தத் தவறினார் என்றது. 2023 சூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

2025 மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி நாட்டு ஆய்வு மாணவி ஒருவரைக் குடிவரவு அதிகாரிகள் தெருவில் கைது செய்தனர். மாணவர் பேரவைத் தீர்மானங்களைப் பல்கலைக்கழகம் மதிக்க வேண்டும் என்று மூவருடன் இணைந்து டஃப்ட்ஸ் டெய்லியில் ஓராண்டுக்கு முன் அவர் கருத்துரை எழுதியிருந்தார். அத்தீர்மானங்கள் இசுரேல்-காசா போர் தொடர்பானவை. நீதிமன்ற ஆணைப்படி அவர் மே மாதம் விடுவிக்கப்பட்டார். இதற்குப் பின் வெளிநாட்டு மாணவர்கள் பலர் தாம் முன்பு எழுதியவற்றில் இருந்து தம் பெயரை நீக்கும்படி வளாக இதழ்களைக் கேட்டனர். வெளியானதை நீக்குவதில்லை என்பது இதழ்களின் நெடுங்கால வழக்கம். ஏப்ரலில் மாணவர் இதழ்ச் சட்ட மையமும் பிற அமைப்புகளும் அவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்யுமாறு இதழாசிரியர்களுக்கு அறிவுறுத்தின. 2025 ஆகத்தில், வெளிநாட்டு மாணவர்கள் எழுத அஞ்சுகின்றனர் என்று கூறி ஸ்டான்போர்டு டெய்லி கூட்டாட்சி அரசின் மீது வழக்குத் தொடர்ந்தது.