யாழ்ப்பாணத்து வாசிப்பு மரபும் வாலிபர் கடனும்

ஒரு சமூகம் எத்தனை நூல்களை உடையது என்று கேட்பதிலும், அந்நூல்களை எப்பொழுது, எவ்விடத்தில், யாரோடிருந்து படிக்கின்றது என்று கேட்பதே பயனுடைய கேள்வியாகும். நூல்கள் பெருகியுள்ள இக்காலத்திலே படிப்போர் அருகிவிட்டனர் என்று பெரியோர் வருந்துகின்றனர். கைத்தொலைபேசியிலே நாள் முழுதும் படித்துக்கொண்டுதானே இருக்கின்றோம் என்று வாலிபராகிய நாம் மறுமொழி கூறுகின்றோம். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கண் எழுத்தின்மேல் ஓடிக்கொண்டே இருக்கின்றது. சிந்தை ஒன்றிலேனும் நிலைகொள்வதில்லை. ஒரு செய்தியை முடிக்குமுன் மற்றொன்று மணியடித்து அழைக்கின்றது.

இதற்கு மனவுறுதியின்மையே காரணம் என்று நம்மை நாமே நொந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனாற் சரித்திரம் வேறொன்றைச் சொல்லுகின்றது. யாழ்ப்பாணம் கல்வியிற் சிறந்த நாடு என்று பெயர் பெற்றது, அங்குள்ளார் ஒவ்வொருவரும் தனித்தனியே மனவுறுதி பூண்டதனாலன்று. படிப்பதற்கென ஒரு நாளும், ஒரு நேரமும், ஓரிடமும், ஒரு துணையும் ஊரவரால் வகுக்கப்பட்டிருந்தமையினாலேயாம். இவ்வுண்மையை மூன்று காலங்களில் வைத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏட்டுக் காலம்

அச்சு வருமுன் நூல் என்றாற் பனையோலை ஏடே. ஏட்டிலே சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களிற் குறிலெது நெடிலெது என்பதும் எழுத்திற் புலப்படாது. ஆகவே ஒருவர் ஏட்டைக் கையிலெடுத்துத் தாமே கண்ணோட்டிச் செல்லுதல் எளிதன்று. வாய்விட்டுப் படித்து, ஓசையாற் சீர் பிரித்து, அறிந்தாரிடங் கேட்டுப் பொருள் கொள்ளல் வேண்டும். திருக்குறளின் 40ஆம் அதிகாரம் கல்வியாக, 42ஆம் அதிகாரம் கேள்வியாக அமைந்திருத்தல் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. அக்காலத்தவர்க்குக் கேட்டலும் படித்தலின் ஒரு பாதியே.

இம்முறையின் முதிர்ந்த வடிவமே நமது கோயில்களில் நிகழும் புராணபடனம். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரவர் சூழ இருந்து கேட்பர். கச்சியப்ப சிவாசாரியர் இயற்றிய கந்தபுராணம் 10,345 செய்யுள்களை உடையது. நாளொன்றுக்கு 50 செய்யுளாகப் படித்தாலும் 200 நாளுக்கு மேற் செல்லும். தோட்டத்திலே நீரிறைத்துக் களைத்த ஒருவர் மாலையிற் குளித்து, அக்கோயில் மண்டபத்திலே அமர்ந்து, மாதக் கணக்காக ஒரே நூலைத் தொடர்ந்து கேட்டார் என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தறியாதாரும் அதனாற் காப்பியம் அறிந்தார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தவர் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தது இதுபற்றியே.

அன்றியும், ஆண்டு முழுவதற்கும் ஒரு வாசிப்புப் பஞ்சாங்கமே இருந்தது எனலாம். சித்திரைப் பௌர்ணமியிலே சித்திரபுத்திரனார் கதை. கார்த்திகை மார்கழியில் வரும் 21 நாள் விரதத்திலே பிள்ளையார் கதை. திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணம். இன்றைக்கு எதைப் படிக்கலாம் என்று எவரும் தடுமாறவேண்டியதில்லை. நாள் வந்தது, நூலும் வந்தது.

இத்தகைய கூட்டுப்படிப்பின் வலிமைக்கு ஈழத்திற்கு வெளியேயும் ஒரு சிறந்த சான்று உண்டு. 1880இற் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என நீண்டதொரு பட்டியலைச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அவ்வொரு கேள்வியே ஐயரைப் பழந்தமிழ் நூல்களின்பாற் செலுத்தியது. ஆனால் சிந்தாமணியின் சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. அவ்விளக்கத்தை அவர் பெற்றது எங்கே? கும்பகோணத்துச் சைன நண்பர்களிடத்தே. அவர்கள் அந்நூலை வழிவழியாகப் படித்துப் பொருள் கேட்டு வந்தவர்கள். 1887இற் சிந்தாமணி அச்சேறிற்று. புலவர் பலர் மறந்த நூலை ஒரு சிறு கூட்டத்தார் வீட்டிலிருந்து படித்த வழக்கம் காத்து வைத்திருந்தது.

நிற்க, ஒன்றை மறைத்தல் தகாது. அக்காலத்து மண்டபங்களில் எல்லார்க்கும் இடம் இருக்கவில்லை. சாதியின் பெயரால் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் பலர். பெண்களுள் எழுத்துக் கற்றோர் மிகச் சிலர். நம் முன்னோர் வகுத்த ஒழுங்கைப் போற்றுவோம். அதன் கதவு ஒடுங்கியிருந்ததையும் ஒப்புக்கொள்வோம்.

அச்சுக் காலம்

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. 1841 சனவரியில் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் இவற்றை நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். தமிழறிவோடு ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. அச்செமினரியிற் கற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர், செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பழைய இலக்கண இலக்கியங்களைப் பதிப்பித்தார். கலித்தொகை அவராலேயே 1887இல் அச்சு வடிவம் பெற்றது.

அச்சினால் நூல் மலிந்தது. ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. ஆனால் நூல் கைக்கு வருதல் வேறு, கருத்துக்கு வருதல் வேறு. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் கீழ் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றுக் கற்பித்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்குத் துணைநின்ற நாவலர், அச்சின் ஆற்றலை அருகிருந்து கண்டவர். 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்தார் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அதற்கு முன்னரே அவர் செய்த இரு செயல்களை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. 1847 திசெம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் நடத்தினார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கேட்போர் கூட்டத்தையும் கற்போர் கூட்டத்தையும் முதலில் ஆக்கினார்; அச்சியந்திரம் அவற்றின் பின்னரே வந்தது.

படிப்போருக்கு ஏணிப்படிகளையும் அவரே அமைத்தார். பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள், சற்று வளர்ந்தோர்க்கு இலக்கணச் சுருக்கம், பாட்டிலே புக அஞ்சுவோர்க்கு 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம். சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகளை இட்டு, கண்ணாற் படிப்பவன் இடறாதபடி வசனநடையை நடத்திக் காட்டினார். ஏட்டுக் காலத்திலே பயன் சொல்லுவோர் செய்த பணியின் ஒரு பகுதியை நாவலரது பதிப்பு ஏற்றுக்கொண்டது எனலாம். வீட்டு விளக்கடியிலே தனித்திருந்து படிக்கும் வழக்கத்திற்கு நம்மவர் பழகியது இவ்வாறே.

வாசிகசாலைக் காலம்

தனியே படிக்கக் கற்றவனுக்கு நூல் வேண்டும். வாங்கப் பணம் எல்லாரிடத்தும் இல்லை. 1933இல் அச்சுவேலியைச் சேர்ந்த கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சிக்கு அறிஞர் பலர் துணைநிற்க, 1934இல் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையிலே 844 நூல்களுடனும் சுமார் 30 பத்திரிகை சஞ்சிகைகளுடனும் ஒரு நூல்நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நகரசபையார் அதனைப் பொறுப்பேற்றனர். நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடு, சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வரைந்த அமைப்பின்படி எழுந்த மாளிகை 1959இல் திறந்து வைக்கப்பட்டது. ஒரு வீட்டுத் திண்ணையளவாய்த் தொடங்கியது ஏறத்தாழக் கால் நூற்றாண்டிலே கோபுரமாய் உயர்ந்தது.

அக்காலத்திலே கிராமங்கள்தோறும் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் தோன்றின. ஒரு மேசை, இரண்டு வாங்கு, அன்றைய பத்திரிகைகள், சில நூல்கள்: இவ்வளவே. மாலையிற் கூடுவோரில் ஒருவர் உரத்து வாசிக்க, கண் மங்கிய முதியோர் கேட்டிருப்பர். வாசித்து முடிந்ததும் வாதம் தொடங்கும். புராணபடனத்தின் அமைப்பே உலகியற் செய்தியோடு இங்கே மறுபடியும் தோன்றியது. கோயில் மண்டபத்தில் இடம்பெறாதாரும் தங்கள் குறிச்சியிலே வாசிகசாலை அமைத்துக்கொண்டனர். ஒடுங்கியிருந்த கதவு இவ்வழியாற் சிறிது அகன்றது.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்திற்குத் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீண்டும் பெறவியலாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு எரிந்தன. அதன் பின் வந்த யுத்த ஆண்டுகளிலே வீட்டுப் புத்தக அலுமாரிகளை விட்டுவிட்டு உயிரோடு ஓடியவர்கள் எத்தனை பேர் என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் அறிவர். இந்நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் அம்மாளிகை மீளக் கட்டப்பெற்றுத் திறக்கப்பட்டது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் மின்வடிவிற் சேர்த்து யாவர்க்கும் இலவசமாக வழங்குகின்றது. சுவரை மீண்டும் எழுப்பினார்கள். நூலை மீண்டும் சேர்த்தார்கள். வாசகரை ஆக்குதல் மாத்திரம் கொத்தனாராலும் இயந்திரத்தாலும் ஆகாத காரியம். அதுவே நமக்கென விடப்பட்டுள்ள பணி.

நமது காலம்

நம் காலம் சிந்தை சிதறும் காலம் என்பதில் ஐயமில்லை. முற்காலத்திலும் கூத்தும் திருவிழாவும் வம்புப் பேச்சும் மனத்தை இழுத்தன. ஆனால் அவை முடிந்து வீடு திரும்பும் ஒரு நேரம் இருந்தது. கையிலிருக்கும் தொலைபேசிக்கோ முடிவில்லை. நாம் நிறுத்தினாலன்றி அது நிறுத்தாது. இதற்காகக் கருவியைப் பழித்துப் பயனில்லை. அச்சியந்திரத்தைப் பழித்துக்கொண்டிருந்தால் நாவலர் நாவலராகியிருக்கமாட்டார். கருவியைச் சுற்றி ஓர் ஒழுங்கை அமைத்தலே அவர் காட்டிய வழி. அவ்வொழுங்கின் உறுப்புக்கள் நான்கு.

முதலாவது, நேரம். ஒழிந்த நேரத்திற் படிப்போம் என்பவனுக்கு நேரம் ஒழிவதேயில்லை. நாளொன்றுக்கு 10 பக்கம் என்று நியமம் கொண்டால் ஆண்டிற்கு 3,650 பக்கம் ஆகும். 300 பக்க நூல்களிற் பன்னிரண்டு முடிந்துவிடும். பன்னிரண்டு நல்ல நூல்களை ஓராண்டிற் கற்றவன் அடுத்த ஆண்டில் வேறொரு மனிதன்.

இரண்டாவது, இடம். கோயில் வாயிலிற் செருப்பைக் கழற்றி வைக்கின்றோம். அதனைச் செருப்புக்கு இழிவென்று எவரும் கருதுவதில்லை. படிக்கும் இடத்து வாயிலிலே தொலைபேசியையும் அவ்வாறே வைத்துவிட்டு உட்புகலாம். இணைய நூலகத்திலே படிப்பவர், அழைப்பு மணிகளை அடக்கிவிட்டுப் படிக்கலாம்.

மூன்றாவது, துணை. தனியே படிப்பவன் கடினமான பக்கத்தைத் தாண்டிவிடுவான். நாளை நண்பனுக்குப் பொருள் சொல்லவேண்டியவன் தாண்டமாட்டான். சாமிநாதையருக்கே சைன நண்பர் துணை வேண்டியிருந்ததெனின், நமக்கு வேண்டும் என்பதிற் கூச்சமென்ன?

நான்காவது, தொடர்ச்சி. பத்து நூல்களின் முதலதிகாரத்தை மாத்திரம் அறிந்தவனிலும் ஒரு நூலை முற்றக் கற்றவனே படித்தவன். எந்த நூல் என்பது அவரவர் நாட்டத்தைப் பொறுத்தது. விஞ்ஞானம் பயில்வோர் விஞ்ஞான நூலையும், கதையில் விருப்புடையோர் நல்ல நாவலையும் எடுத்துக்கொள்ளலாம். பழைய நூலே நூல் என்று பெரியோரும், புதிய நூலே நூல் என்று வாலிபரும் வழக்காட வேண்டியதில்லை. எடுத்ததை முடித்தல் வேண்டும். முடித்ததை நான்கு வரியிலேனும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும்.

எனவே நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு மாலையை வாசிப்பு மாலையாகக் குறிப்போம். ஒரே நூலை எடுத்து, ஒருவர் வாசிக்க, ஒருவர் பயன் சொல்ல, மற்றையோர் வினவ, ஓராண்டு தொடர்ந்து நடத்துவோம். வாசிப்பவர் வாலிபராகவும் பயன் சொல்பவர் முதியவராகவும் ஒரு வாரமும், அது மாறி மறுவாரமும் இருக்கலாம். சகோதரிகளுக்கும், ஊரின் எல்லாக் குறிச்சியாருக்கும் அம்மண்டபக் கதவு முழுவதும் திறந்திருத்தல் வேண்டும். முன்னோர் விட்ட குறையை நாம் தொடரலாகாது.

முதல் மாலையிற் பத்துப்பேர் வருவார்கள். பத்தாம் மாலையில் நால்வர் எஞ்சலாம். அதுகண்டு சோரவேண்டாம். ஒரு வாடகை அறையும் 844 நூல்களும் எதுவாக வளர்ந்தன என்பதை மேலே கண்டோம். அந்நால்வர் ஐந்தாமவரை அழைத்து வருவர். ஏடு இருந்தது, அச்சு வந்தது, இன்று திரை வந்துள்ளது. எழுத்தைத் தாங்கும் பொருள் மாறிக்கொண்டே இருக்கும். அதன்முன் அமைதியாக அமரும் வழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது இளைஞராகிய நம் கடன். அதனைக் கற்பித்துத் தருவது பெரியோர் கடன். இருவரும் சேர்ந்து இவ்வாண்டே தொடங்குவோமாக.