எழுந்தருளிய ஆழ்வார்

நாகப்பட்டினத்தில் வார்த்த புத்தர் திருமேனி ஒன்று இன்று நியூயார்க்கில், ஏசியா சொசைட்டியின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் பீடத்தில் தமிழ் எழுத்து. அதிலுள்ள செய்தியை முதலில் படித்தபோது ஏதோ ஒரு பெருமாள் கோயில் கல்வெட்டு என்றே நினைத்தேன். இராசேந்திர சோழப் பெரும்பள்ளியைச் சேர்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளி ஆழ்வார் கோயிலில், திருவுற்சவத்துக்கு எழுந்தருள இந்த ஆழ்வாரைச் செய்து கொடுத்தவர் சிறுதவூர்க் குணாகர உடையார் என்கிறது அது.

ஆழ்வார் என்றால் இங்கே புத்தர். பன்னிருவருக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணும் சொல்லால், நாகைப் பௌத்தர் தம் பெருமானை அழைத்திருக்கிறார்கள். அக்கசாலை என்பது பொன்னும் உலோகமும் உருக்கும் கம்மியரின் பட்டறை. அவர்கள் பெயரிலேயே ஒரு பௌத்தப் பள்ளி. அங்கே மூலவர் இருக்க, திருவிழா நாளில் வெளியே வர இன்னொரு திருமேனி. சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் இருக்கும் அதே ஏற்பாடு!

பௌத்தம் என்றதும் காவி உடுத்த பிக்குவும், தியானமும், மணிமேகலையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சமயக்குரவர்கள் வாதில் வென்றார்கள், பௌத்தம் மறைந்தது என்று பாடத்தை முடித்துவிடுகிறோம். அந்த வாதங்களுக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சோழநாட்டில் புத்தருக்கு உற்சவம் நடந்திருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

நாகையின் பெரிய பள்ளி சூடாமணி விகாரம். கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் எடுப்பித்தது. முதலாம் இராசராசன் 1006-ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்குரிய கொடை நிலமாக, விட்டான். ஏறத்தாழ 97 வேலி நிலம். வரவேண்டிய நெல் 8,943 கலத்துக்கும் மேல். தந்தை வாய்மொழியாக இட்ட ஆணையைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் மகன் இராசேந்திரன். 21 ஏடுகள். அவை ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்தது. அதே இராசேந்திரன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். ஆனாலும் நாகைப் பள்ளிக்கு விட்ட நிலத்தில் கை வைக்கவில்லை: 1090-இல் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடு அந்த உரிமைகளை மீண்டும் உறுதிசெய்கிறது.

அரசர் கொடுத்தது நிலம். திருமேனிகளைக் கொடுத்தவர்களோ பெரும்பாலும் ஊர்க்காரர்கள். 1856 முதல் நாகையில் மண்ணிலிருந்து வெளிவந்த வெண்கலங்கள் சுமார் 350. பல உள்ளங்கையில் அடங்கும் அளவு, நேர்ந்துகொண்டு செலுத்தியவை. புத்தரின் தலையுச்சியில் தீக்கொழுந்து போல ஒரு சுடர் நிற்கும். நாகைத் திருமேனிகளில் என் கண் முதலில் தேடுவது அந்தச் சுடரைத்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கலாம். கண்ணாடிக்கு மிக அருகே போய், பீடத்தைப் பாருங்கள். சிலவற்றில் கொடுத்தவரின் பெயர் தமிழில் இருக்கிறது.

1476-ஐ ஒட்டி, இலங்கையிலிருந்து பர்மாவுக்குத் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகப்பட்டினத்துக்கு நடந்து வந்து, அங்கே புத்தரை வணங்கினார்கள். பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு இதைப் பதிந்து வைத்திருக்கிறது. கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற செங்கல் கோபுரம் ஒன்றும் வெகுகாலம் நாகையில் இருந்தது. புதுவெளிக் கோபுரம் என்றார்கள். சீனக் கோபுரம் என்றும் சொன்னார்கள். 1846-இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலைகள் எஞ்சியிருந்தன. 1867-இல், ஏசு சபையார் அரசிடம் அனுமதி பெற்று அதை இடித்தார்கள்.

(தொடரும்)